மைத்தடச் சோதனையின் ஏற்புடைமை

1. பத்து அட்டைகள்

மைத்தடச் சோதனைக்கு வேண்டியவை பத்து அட்டைகள். தாளில் மையைச் சிந்தி, நடுவே மடித்து, விரித்தால் கிடைப்பதைப்போல் இடமும் வலமும் ஒத்த ஒரு தடம் ஒவ்வோர் அட்டையிலும் அச்சாகியிருக்கும். ஐந்து தடங்கள் கறுப்பும் சாம்பலும் மட்டுமே. இரண்டில் கறுப்போடு சிவப்பு சேர்கிறது. கடைசி மூன்றும் பல வண்ணங்கள் கொண்டவை. அட்டைகளைக் காட்டும் வரிசை மாறுவதில்லை. 1921இல் அச்சான அதே பத்துத் தடங்கள்தாம் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. சோதிப்பவர் ஓர் அட்டையைக் கையில் கொடுத்துக் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "இது என்னவாக இருக்கலாம்?"

இந்தக் கேள்விக்கு வரும் மறுமொழியைக் கொண்டு ஒருவரின் ஆளுமையை அறியலாம், அவர் மறைத்துவைத்த மனக்குறையைக் கண்டறியலாம், மனநோயின் தொடக்கத்தை இனங்காணலாம் என்று ஒரு சாரார் நூறாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கின்றனர். குறிசொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று மறுசாரார் வாதிட்டிருக்கின்றனர். தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்கான கல்வி உளவியல் பாடநூல்கள் இதனைத் தெளிவற்ற ஒன்றின்மேல் உள்ளத்தை ஏற்றிப் பார்க்கவைக்கும் 'புறத்தேற்று முறைகளுள்' ஒன்றாக அறிமுகப்படுத்துகின்றன; மருத்துவ உளவியல் பயில்வோர் இதனைக் கையாளக் கற்கின்றனர். எனவே இதன் ஏற்புடைமை பற்றிய கேள்வி தொலைதூர விவாதம் அன்று. ஒருவருக்கு மனச்சிதைவு என்று எழுதுவதா, ஒரு குழந்தையைத் தாயிடம் ஒப்படைப்பதா தந்தையிடம் ஒப்படைப்பதா என்பன போன்ற முடிவுகளுக்குப் பின்னே இந்த அட்டைகள் வைக்கப்பட்டதுண்டு. அவை தாங்கக்கூடிய எடை எவ்வளவு என்பதை அளந்தறிவது அறிவியலின் கடமை மட்டுமன்று, அறத்தின் கடமையும் ஆகும்.

2. தோற்றம்

மைத்தடத்தில் உருவம் தேடும் பழக்கம் சோதனைக்கு முந்தியது. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் தாம் மடித்தெடுத்த மைத்தடங்களுக்குக் கவிதைகள் எழுதினார். அவர் மறைந்த பின் 1890இல் அந்நூல் வெளிவந்தது. நுண்ணறிவுச் சோதனையின் முன்னோடியான பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, கற்பனை வளத்தை அளக்க மைத்தடங்கள் உதவும் என்று 1895இல் விக்டர் ஆன்ரியுடன் சேர்ந்து எழுதினார்.

இச்சோதனையை உருவாக்கிய ஹெர்மன் ரோர்ஷாக் 1884இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தவர். தந்தை ஓவிய ஆசிரியர். பள்ளித் தோழர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிளெக்ஸ்'; மைத்தடம் என்பது அதன் பொருள். சூரிக்கில் மருத்துவம் பயின்றபோது, மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் வழங்கும் பெயரைச் சூட்டிய ஆய்கன் பிளாய்லர் இவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1915 முதல் ஹெரிசாவ் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில்தான் தடங்களைத் தீட்டிச் சோதிக்கும் பணி முழுவீச்சில் நடந்தது. 288 நோயாளிகள், நோயற்றவர்கள் 117 பேர் என 405 பேரிடம் பெற்ற மறுமொழிகளை வகைப்படுத்தி, 'உளநோயறிதல்' என்று பொருள்படும் 'சைக்கோடயக்னோஸ்டிக்' நூலை 1921இல் வெளியிட்டார். அச்சிட்டவை 1200 படிகள். விற்றவை மிகச் சில. அடுத்த ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், குடல்வால் வெடித்து வயிற்றறையில் பரவிய அழற்சியால், 37 வயதில் அவர் இறந்தார்.

இத்தடங்களைப் பற்றி இரு செய்திகள் நினைவில் இருக்கத்தக்கவை. முதலாவது, அவை தற்செயலாக விழுந்த மைக்கறைகள் அல்ல. ஓவியக் கை கொண்ட ரோர்ஷாக் அவற்றைத் திரும்பத் திரும்பத் தீட்டித் திருத்தினார். ஓர் உருவத்தைக் காட்டுவதுபோலவும் காட்டாததுபோலவும் நிற்கும் அளவுக்கு அவற்றைப் பக்குவப்படுத்தினார். இரண்டாவது, அவர் இதனைக் கற்பனைச் சோதனையாகவோ உள்மன ரகசியங்களைத் திறக்கும் சாவியாகவோ கருதவில்லை. புலன்காட்சி பற்றிய ஆய்வு என்பதே அவர் தந்த பெயர். ஒருவர் என்ன பார்த்தார் என்பதைக் காட்டிலும் எப்படிப் பார்த்தார் என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது. நூறாண்டு விவாதத்தின் முடிவு அவருடைய இந்தத் தொடக்கத்துக்கு அருகில் வந்து நிற்பதைக் கீழ்வரும் பகுதிகள் காட்டும்.

3. சோதனை நடக்கும் முறை

சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் எதிரெதிரே அமராமல் அருகருகே அமர்வது இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் முறை. முகக்குறிப்பால் விடையைத் தூண்டிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். முதற்கட்டத்தில் பத்து அட்டைகளும் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். சொல்வது சொல்லுக்குச் சொல் எழுதப்படும். இரண்டாம் கட்டத்தில் அட்டைகள் மீண்டும் ஒருமுறை சுற்றி வரும். "வௌவால் என்றீர்கள். எங்கே தெரிகிறது? அப்படித் தோன்றச் செய்தது எது?" என்ற கேள்விகள் அப்போது எழும்.

ஐந்தாம் அட்டையைக் காட்டியதும் ஒருவர், "இது வௌவால், இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் உடம்பு, மேலே காது" என்கிறார் என்று கொள்வோம். இம்மறுமொழி ஐந்து கேள்விகளால் சலிக்கப்படும். தடத்தின் எப்பகுதி? முழுவதும். உருவம் தோன்றக் காரணம் எது? வடிவம்; நிறமோ நிழலோ அசைவோ இல்லை. தடத்தோடு உருவம் பொருந்துகிறதா? பொருந்துகிறது. பொருள் வகை? விலங்கு. பலரும் சொல்வதா? ஆம், இவ்வட்டைக்கு மிகப் பரவலாக வரும் மறுமொழி. இதே அட்டைக்கு இன்னொருவர் தடத்தின் ஓரத்திலுள்ள சிறு துருத்தலை மட்டும் சுட்டி, "இது அழுதுகொண்டிருக்கும் நுரையீரல், என்னைப் பற்றி அதற்குத் தெரியும்" என்கிறார் எனில், அதற்கு விழும் குறியீடுகள் முற்றிலும் வேறு. உருவம் தடத்தோடு பொருந்தவில்லை, சேரக்கூடாதவை சேர்ந்திருக்கின்றன, தருக்கம் வழுவியிருக்கிறது.

இவ்வாறு இருபது முப்பது மறுமொழிகளுக்கும் குறியிட்டு, அவற்றைக் கூட்டி, விகிதங்கள் கண்டு, பல பத்து எண்கள் பெறப்படுகின்றன. மைத்தடச் சோதனை என்ற ஒரே பெயருக்குள் பல அளவுகோல்கள் கூடியிருக்கின்றன என்பது இங்கேயே தெளிவாகிறது.

4. பரவலும் பிளவும்

ரோர்ஷாக் மறைந்த பின் சோதனை வேர்விட்டது அமெரிக்காவில். சாமுவேல் பெக், புரூனோ கிளாப்ஃபர், மார்கரெட் ஹெர்ட்ஸ், சிக்மன்ட் பியோத்ரோவ்ஸ்கி, டேவிட் ரபபோர்ட் ஆகிய ஐவர் ஐந்து முறைகளை வளர்த்தனர். பெக் எண்களை நம்பினார்; கிளாப்ஃபர் தேர்ந்தவரின் உள்ளுணர்வுக்கு இடம் தந்தார். அட்டைகள் ஒன்றே, குறியிடும் முறையும் பொருள்கொள்ளும் முறையும் வெவ்வேறு. ஒரே மனிதரைப் பற்றி ஐந்து முறைகளும் ஒரே முடிவைத் தரும் என்பதற்கு உறுதி இல்லாமற்போனது.

1939இல் லாரன்ஸ் ஃபிராங்க் 'புறத்தேற்று முறைகள்' என்ற கருத்தை முன்வைத்தார். தெளிவற்ற ஒன்றைப் பார்க்கும் மனிதர் தம் உள்ளத்தை அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறார் என்பது அதன் சாரம். இக்கருத்து மைத்தடச் சோதனையின் போக்கையே மாற்றியது. புலன்காட்சி பற்றிய ஆய்வாகப் பிறந்தது, உள்ளத்தை ஊடுருவிக் காட்டும் கருவியாகப் போற்றப்படலாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னும் அமெரிக்க மருத்துவமனைகளில் உளவியலாளரின் அடையாளமே இந்த அட்டைகள் என்னும் நிலை உருவானது.

அந்த நம்பிக்கை சந்தித்த பெருஞ்சோதனை நியூரம்பெர்க்கில் நிகழ்ந்தது. 1945-46இல் போர்க்குற்ற விசாரணைக்காகச் சிறையிருந்த நாஜித் தலைவர்களிடம் உளமருத்துவர் டக்ளஸ் கெல்லியும் உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட்டும் மைத்தட அட்டைகளைக் காட்டினர். கோரிங்கும் ஹெஸ்ஸும் அவற்றைப் பார்த்து மறுமொழி கூறியவர்களே. இலட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சியின் தலைமையில் இருந்தவர்களிடம் தனித்த நோய்க்கூறு ஒன்று தென்படும் என்று பலரும் எதிர்பார்த்தனர். கெல்லியும் கில்பர்ட்டும் இத்தலைவர்களைப் பற்றி நேர்மாறான முடிவுகளுக்கு வந்தனர். சாதாரண மனிதர்களே என்றார் கெல்லி. நோயுற்ற ஆளுமைகள் என்றார் கில்பர்ட். 1976இல் மாலி ஹாரோவர் அப்பதிவுகளைப் பிறருடைய பதிவுகளோடு கலந்து, யாருடையவை என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். நாஜிகளின் பதிவுகளை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பெயர் தெரிந்தபோது தென்பட்ட தீமை, பெயரை மறைத்ததும் மறைந்துவிட்டது.

5. ஏற்புடைமை என்பது

உளவியல் சோதனை ஒன்றை மதிப்பிட மூன்று கேள்விகள் அடிப்படையானவை.

முதலாவது நம்பகத்தன்மை. ஒரே மறுமொழித் தாளை இருவர் தனித்தனியே குறியிட்டால் ஒரே எண் வருகிறதா? ஒரே மனிதரைச் சில வாரங்கள் கழித்துச் சோதித்தால் முடிவு மாறாமல் இருக்கிறதா? தராசு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டினால் அதைக் கொண்டு வணிகம் செய்ய இயலாது.

இரண்டாவது ஏற்புடைமை. அளப்பதாகச் சொல்வதை உண்மையில் அளக்கிறதா? தராசு நாள்தோறும் ஒரே எடையைக் காட்டலாம்; ஆனாலும் நூறு கிராம் கூட்டியே காட்டிக்கொண்டிருக்கலாம். நம்பகத்தன்மை இருப்பதாலேயே ஏற்புடைமை வந்துவிடாது. இதனைச் சோதிக்கக் கருவிக்கு வெளியே ஒரு சான்று வேண்டும்: நோயறிதல், நடத்தை, உடன்வாழ்வோரின் மதிப்பீடு, பின்னாளில் நிகழ்ந்தவை. இரண்டுக்கும் உள்ள இணக்கத்தை ஒட்டுறவுக் கெழு காட்டும். சுழியம் என்றால் தொடர்பே இல்லை; ஒன்று என்றால் முழு இணக்கம்.

மூன்றாவது நெறியளவு. ஒருவரின் எண் மிகையா, குறைவா என்று சொல்ல, நோயற்ற பொதுமக்களின் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு இயல்பளவு இருப்பதுபோல் இதற்கும் வேண்டும். நெறியளவு பிழைத்தால், நலமானவர் நோயாளி ஆகிவிடுவார்.

இவற்றுடன் நடைமுறை சார்ந்த நான்காம் கேள்வி ஒன்றும் உண்டு. நேர்காணலிலும் வினாப்பட்டியலிலும் ஏற்கெனவே தெரிந்ததற்குமேல் இச்சோதனை புதிதாக எதையேனும் கூட்டுகிறதா? சோதனைக்கும் குறியிடலுக்கும் சில மணி நேரம் செலவாகும் நிலையில் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

6. ஐயங்களின் வரலாறு

முதல் வலுவான அடி 1949இல் லீ கிரான்பாக் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. மைத்தட ஆய்வுகளில் கையாளப்பட்ட புள்ளியியல் முறைகளில் பிழைகள் நிறைந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவற்றுள் இன்றும் பேசப்படுவது மறுமொழிகளின் எண்ணிக்கை பற்றியது. ஒருவர் பதினைந்து மறுமொழி தருகிறார். இன்னொருவர் ஐம்பது தருகிறார். ஐம்பது தந்தவரிடம் நிற மறுமொழியும் கூடும், அசைவு மறுமொழியும் கூடும், விபரீத மறுமொழியும் கூடும். பேச்சு வளம் உள்ளவர் என்பதாலேயே ஒருவருடைய எண்கள் எல்லாம் உயர்ந்துவிடுகின்றன.

அதே 1949இல் பெர்ட்ரம் ஃபோரர் வெளியிட்ட சிற்றாய்வு, சோதனை முடிவுகளை மக்கள் ஏன் எளிதில் நம்புகின்றனர் என்பதை விளக்கியது. 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்துவிட்டு, அவரவர்க்கு உரிய முடிவு என்று ஒரு குறிப்பைக் கொடுத்தார். உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வரிகள் கடையில் விற்கும் சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் இட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26. வார ராசிபலனைப் படித்துவிட்டு "அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறது" என்று வியக்கும் மனநிலைதான் இது. சோதிக்கப்பட்டவர் தலையாட்டுவது ஏற்புடைமைக்குச் சான்றாகாது.

தேர்ந்த உளவியலாளரின் அனுபவமும் சான்றாகாது என்பதை லாரன், ஜீன் சாப்மன் இணையர் காட்டினர். 1967இல் அவர்கள் எடுத்துக்கொண்டது மனித உருவம் வரையும் சோதனை. ஐயப்படும் இயல்பினர் கண்களை மிகைப்படுத்தி வரைவர் என்பது உளவியலாளரிடையே நிலவிய நம்பிக்கை. படங்களையும் நோய்க்குறிகளையும் எவ்விதத் தொடர்பும் இல்லாமல் இணைத்து, பயிற்சியே இல்லாத மாணவர்களிடம் காட்டினர். மாணவர்களும் 'ஐயமும் கண்ணும்' என்ற அதே தொடர்பைக் கண்டுபிடித்தனர். இல்லாத தொடர்பை மனம் தானே பின்னிக்கொண்டது. 1969இல் மைத்தட மறுமொழிகளைக் கொண்டு நடந்த ஆய்விலும் இதுவே தெரியவந்தது. ஆய்வுகள் ஆதரித்த அறிகுறிகளை உளவியலாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடவில்லை. ஆதாரமற்றவையாயினும் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றியவற்றையே குறிப்பிட்டனர். பல்லாண்டு அனுபவம் பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக அதனை ஆழமாக ஊன்றிவிடக்கூடும் என்பது இவ்வாய்வுகளின் பாடம்.

7. எக்ஸ்னரின் சீரமைப்பும் நெறியளவுச் சிக்கலும்

சிதறிக்கிடந்த ஐந்து முறைகளையும் ஒப்பிட்டு, ஆய்வு ஆதரவு உள்ளவற்றை மட்டும் திரட்டி, 1974இல் ஜான் எக்ஸ்னர் ஒருங்கிணைந்த முறை ஒன்றை உருவாக்கினார். அட்டையைக் கொடுப்பது முதல் எண்ணைக் கூட்டுவது வரை எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தன. வயது வந்தோருக்கும் குழந்தைகளுக்கும் நெறியளவு அட்டவணைகள் வந்தன. உள்ளுணர்வின் இடத்தில் விதி வந்ததால், இருவர் குறியிட்டால் எண்கள் பெரும்பாலும் ஒத்துவரும் நிலை ஏற்பட்டது. சோதனை மீண்டும் மதிப்புப் பெற்றது.

ஆனால் அடித்தளத்தில் விரிசல் இருந்தது. 1999இல் கலிஃபோர்னியாவில் நோயற்ற 123 பேரை ஷாஃபரும் உடனாய்வாளர்களும் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். எக்ஸ்னரின் நெறியளவோடு ஒப்பிட்டபோது, வேலைக்குச் சென்று இயல்பாக வாழ்ந்த அம்மனிதர்களில் பலர் உளக்கோளாறு உடையவர்போல் தோன்றினர். தடத்தோடு பொருந்தாத உருவங்களைச் சொல்வது நெறியளவு காட்டியதைவிட இருமடங்குக்கும் மேலாக இருந்தது. 2001இல் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. 700 பேருடையது என்று சொல்லப்பட்ட வயது வந்தோர் நெறியளவில் 221 பதிவுகள் இருமுறை எண்ணப்பட்டிருந்தன. உண்மையில் இருந்தவை 479 மட்டுமே.

ஜேம்ஸ் வுட், தெரசா நெஸ்வோர்ஸ்கி, ஸ்காட் லிலியன்ஃபெல்ட், ஹோவர்ட் கார்ப் ஆகியோர் இந்நெறியளவு நலமானவரை நோயாளியாகக் காட்டுகிறது என்று தொடர்ந்து எழுதினர். சிக்கல் தீரும்வரை மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் சோதனையை நிறுத்திவைக்க வேண்டும் என்று 1999இல் கார்ப் கோரினார். இக்கோரிக்கையின் கனத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். விவாகரத்து வழக்கில் குழந்தையைக் கேட்டு நிற்கும் தாய் ஒருவர் பிழையான அட்டவணையோடு ஒப்பிடப்பட்டால், "புலன்காட்சி திரிந்துள்ளது" என்ற ஒரு வரி அவர் வாழ்வைத் திருப்பிவிடும்.

பின்னர்ப் பல நாடுகளின் தரவுகள் திரட்டப்பட்டு, 17 நாடுகளின் பதிவுகளைக் கொண்டு பன்னாட்டு நெறியளவுகள் 2007இல் வெளிவந்தன. 2011இல் கிரெகரி மேயர், டொனால்ட் விக்லியோன், ஜோனி மிஹுரா முதலியோர் புதிய மதிப்பீட்டு முறை ஒன்றை வெளியிட்டனர். ஓர் அட்டைக்கு இரண்டு, கூடினால் மூன்று மறுமொழி என்று முன்கூட்டியே கேட்பதும், நான்கு வந்ததும் அட்டையைத் திரும்பப் பெறுவதும் அதன் நடைமுறை. 1949இல் கிரான்பாக் சுட்டிய எண்ணிக்கைச் சிக்கலுக்கு அறுபதாண்டுகள் கழித்துக் கிடைத்த பரிகாரம் அது. இச்சிக்கலைத் தவிர்க்க, 45 அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே மறுமொழி என்ற விதியோடு வேய்ன் ஹோல்ட்ஸ்மன் 1961இலேயே தனிச் சோதனை ஒன்றை அமைத்திருந்தார். ஆனால் ரோர்ஷாக் அட்டைகளின் செல்வாக்கை அதனால் அசைக்க முடியவில்லை.

8. தொகுப்பாய்வுகள் காட்டுவது

தனித்தனி ஆய்வுகள் முரண்படும்போது அவற்றையெல்லாம் திரட்டிக் கணக்கிடுவது தொகுப்பாய்வு. 1999இல் ஹில்லரும் குழுவினரும் செய்த தொகுப்பாய்வில் மைத்தடச் சோதனையின் சராசரி ஏற்புடைமைக் கெழு 0.29. மிகுதியாகப் பயன்படும் வினாப்பட்டியலான மின்னசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியலுக்கு 0.30. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் சராசரி என்பது நல்லதையும் கெட்டதையும் கலந்து தரும் எண். எந்த அளவுகோல் எதற்குப் பொருந்துகிறது என்பதை அது மறைத்துவிடும்.

மறைந்ததை வெளிக்கொணர்ந்தது 2013இல் மிஹுராவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட பெருந்தொகுப்பாய்வு. எக்ஸ்னர் முறையின் 65 முதன்மை அளவுகோல்களை அவர்கள் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தனர். மிகச் சிறந்த ஆதரவு பெற்றவை 13. நல்ல ஆதரவு பெற்றவை 17. ஓரளவு ஆதரவு பெற்றவை 10. சிறிதளவே ஆதரவு உள்ளவையும் ஆதரவே இல்லாதவையும் சேர்ந்து 13. பொருத்தமான ஆய்வே நடைபெறாதவை 12. ஆக, 65இல் 25 அளவுகோல்கள் ஆதாரமின்றியோ மிக நலிந்த ஆதாரத்தோடோ பல்லாண்டுகள் அறிக்கைகளில் இடம்பெற்று வந்திருக்கின்றன.

வலுவாக நின்றவை சிந்தனையையும் புலன்காட்சியையும் பற்றிய அளவுகோல்கள். தடத்தோடு பொருந்தாத உருவங்களைக் காண்பது, சேராதவற்றைச் சேர்ப்பது, தருக்கம் வழுவிப் பேசுவது ஆகியவை மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களில் மிகுகின்றன. அதைச் சோதனை பிடித்துவிடுகிறது. இதற்கான காரணமும் எளிது. சிந்தனைக் குலைவுள்ளவர் தம் சிந்தனை குலைந்திருப்பதாகச் சொல்வதில்லை. தெளிவற்ற ஒன்றைக் கொடுத்து விளக்கச் சொன்னால், அக்குலைவு கண்முன்னே நிகழ்கிறது. இங்கே சோதனை உள்ளத்தைத் துருவவில்லை. ஒரு செயலை நேரில் பார்க்கிறது. தன்மையம் பற்றிய குறியெண், தனிமைப்படுதல் பற்றிய குறியெண் முதலியவை ஆதரவு குன்றியவற்றுள் அடங்கும்.

இத்தொகுப்பாய்வு வந்த பின் நிகழ்ந்தது பாராட்டுக்குரியது. நிறுத்திவைக்கச் சொன்ன தரப்பினரே 2015இல் சான்றுகளை மீண்டும் அலசி, சிந்தனை, புலன்காட்சி சார்ந்த அளவுகோல்களைப் பொறுத்தவரை தம் கோரிக்கையை விலக்கிக்கொண்டனர். உணர்ச்சி, ஆளுமை சார்ந்த பலவற்றில் தம் ஐயத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். சான்றைக் கண்டு நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்ளும் நேர்மையே அறிவியலை வளர்க்கிறது.

9. ஆளுமையும் மனநலமும்

2013 தொகுப்பாய்வில் மேலும் இரண்டு எண்கள் உண்டு. பிறரால் மதிப்பிடப்பட்ட சான்றுகளோடு ஒப்பிட்டபோது சராசரிக் கெழு 0.27. சோதிக்கப்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே கூறியவற்றோடு ஒப்பிட்டபோது 0.08 மட்டுமே. மனநலத்தை அளக்க விரும்புவோர்க்கு இந்த இரண்டாம் எண் முக்கியமானது.

மகிழ்ச்சி, மனநிறைவு, கவலை, சோர்வு ஆகியவை பெரும்பாலும் உள்ளிருந்து உணரப்படுபவை. ஒருவர் மனச்சோர்வில் இருக்கிறாரா என்று அறிய, கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டம் இருந்ததா, வாழ்வே வேண்டாம் என்று தோன்றியதா எனக் கேட்கும் ஒன்பது கேள்விப் பட்டியல் சில நிமிடங்களில் உதவுகிறது. எக்ஸ்னரின் மனச்சோர்வுக் குறியெண்ணோ நோயறிதலோடு தொடர்ந்து ஒத்துப்போகவில்லை எனப் பல ஆய்வுகள் காட்டின. உணர்ந்ததைக் கேட்டால் சொல்லக்கூடியவரிடம் சுற்றிவளைத்து மைத்தடம் காட்டத் தேவை இல்லை. அவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பதே முதல் மருத்துவம்.

ஆளுமையைப் பொறுத்தும் எல்லை தெளிவு. ஒருவர் கூச்சமுள்ளவரா, கலகலப்பானவரா, பொறுப்பானவரா என்பன போன்ற நிலையான பண்புகளுக்கு வினாப்பட்டியல்களே வலுவான சான்றுடையவை. மைத்தடம் தருவது வேறொரு வகைத் தகவல்: விதி சொல்லித்தராத வேலை ஒன்றை ஒருவர் எப்படி அணுகுகிறார், சிதறிய பகுதிகளை எவ்வளவு நுட்பமாக இணைக்கிறார், பலரும் காண்பதைக் காண்கிறாரா என்பது.

10. மொழியும் பண்பாடும்

அட்டைகளில் சொல் இல்லை. எனவே சோதனை எம்மொழியினருக்கும் பொதுவானது என்ற எண்ணம் பழமையானது. முதல் எச்சரிக்கை 1935இலேயே வந்தது. ஆய்கன் பிளாய்லரின் மகனான மன்ஃபிரட் பிளாய்லர், ரிச்சர்ட் பிளாய்லருடன் சேர்ந்து மொரோக்கோ மக்களைச் சோதித்தபோது, அவர்கள் தடத்தின் மிகச் சிறு நுணுக்கங்களையே மிகுதியாகச் சுட்டினர். ஐரோப்பிய அளவில் அது நோய்க்குறி என்று கொள்ளப்படத்தக்கது. அம்மக்களுக்கோ அது இயல்பான பார்வை.

இந்தியாவில் இச்சோதனையைக் கையாளும்போதும் இதே கவனம் வேண்டும். மனித உடலில் விலங்குத் தலை பொருந்திய உருவம் சேராதவற்றின் சேர்க்கை என்று குறியிடப்பட இடமுண்டு. யானைமுகனையும் நரசிம்மரையும் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவருக்கு அது அன்றாடக் காட்சி. கோபுர வாயிலின் துவாரபாலகர்களையும் தூணில் நிற்கும் யாளியையும் அட்டையில் காண்பவரைக் கற்பனை திரிந்தவர் என்று எழுதினால், பிழை அட்டையைப் பார்த்தவருடையதன்று. தமிழில் சொன்ன மறுமொழியை ஆங்கிலத்தில் எழுதிக் குறியிடுவதும் இடர் தரும். சிந்தனைக் குலைவின் அளவுகோல்கள் பேச்சின் பிசகை வைத்தே நிற்கின்றன. மொழிபெயர்ப்பு இல்லாத பிசகை உண்டாக்கும், இருக்கும் பிசகை மறைத்தும்விடும். மறுமொழி எம்மொழியில் வந்ததோ அம்மொழியிலேயே எழுதி, அம்மொழி அறிந்தவரே குறியிடுவது ஏற்புடைமைக்கு இன்றியமையாதது.

11. பயன்பாட்டின் வரம்பு

மைத்தடச் சோதனை ஏற்புடையதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் விடை இல்லை. எந்த அளவுகோல், எந்த முறையில் குறியிட்டது, எந்த நெறியளவோடு ஒப்பிட்டது, எந்த முடிவுக்காக என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. சிந்தனைக் குலைவைக் காண்பதற்கு அது தகுதியான துணைக்கருவி. மனச்சோர்வை அறியவும், மனநிறைவை அளக்கவும், அன்றாட ஆளுமைப் பண்புகளை வகுக்கவும் அதனினும் எளியவையும் சிறந்தவையும் உள்ளன. குற்றவாளியைக் கண்டுபிடிக்கவோ பொய்யைப் பிடிக்கவோ அதற்குத் தகுதி இல்லை.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயை நாட்டளவிலோ உலகளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டை அதற்குச் சான்றாகச் சுட்டுகிறது. அவ்வகைப்பாடு கேட்பவை நோய்க்குறிகள், அவை நீடித்த காலம், வாழ்க்கையில் அவை விளைவித்த இடர். மைத்தட எண் எதையும் அது கேட்பதில்லை. ஆகவே மைத்தடத்தை மட்டும் நம்பி நோய்ப்பெயர் எழுதுவது முறையன்று.

இச்சோதனையை உள்ளடக்கிய எந்த அறிக்கையும் நான்கு செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டது: எந்த முறைப்படி குறியிடப்பட்டது, நெறியளவு எந்த மக்களுடையது, முடிவுக்கு அடிப்படையான அளவுகோலுக்கு ஆய்வு ஆதரவு உண்டா, நேர்காணலும் வாழ்க்கை வரலாறும் அதே திசையைக் காட்டுகின்றனவா. இந்நான்கும் இல்லாத அறிக்கையை மருத்துவரும் நீதிபதியும் திருப்பி அனுப்பலாம். சோதிக்கப்பட்டவரும் விளக்கம் கேட்கலாம்.